பெயர் வாசிக்க வந்த கடல்

எங்கள் மதகுத் தெருவுக்குக் கடல் முதன்முதலாக வந்தது ஆவணி மாதம் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. வந்தபோது அது அவசரப்படவில்லை, யாரையும் தள்ளவில்லை, அரசலாற்று முகத்துவாரத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து, பேருந்து நிறுத்தத்தில் திரும்பி, காரைக்காலின் வேறு எந்தத் தெருவையும் எட்டிக்கூடப் பார்க்காமல், விலாசம் தேடி வந்த வெளியூர்க்காரனைப்போல ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று உயர்ந்து, பதினொன்றேகாலுக்கு மின்கம்பங்களின் பாதிவரை வந்து நின்றது. எங்கள் கடல் பச்சை, இது செங்கல் அரைத்த நிறம். எங்கள் கடல் வெதுவெதுப்பானது, இதில் கைவைத்தவர்கள் ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டதைப்போல உதறிக்கொண்டார்கள். எங்கள் கடல் ஏறி இறங்கினால் முழங்கால் உயரம், இது மூன்று ஆள் உயரம். திறந்திருந்த கதவுகளின் நிலைப்படிவரை வந்து கண்ணாடிபோலச் செங்குத்தாக நின்றதே தவிர, ஒரு வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டுக்குள்ளும் அது காலெடுத்து வைக்கவில்லை. அன்று விடுப்பில் இருந்த நானும் என் மனைவி ரொசாலியும் கூடத்தில் உட்கார்ந்து இட்லி தின்றபடி வாசற்கதவுக்குள் மீன்கள் போவதைப் பார்த்தோம். ஒரு மணி நேரம் நின்றது. பிறகு வந்த வழியே திரும்பிப் போனது. இரவும் ஒருமுறை வந்து போயிருக்கிறது, தூங்கிவிட்டோம்.

இதற்குக் காரணம் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் என்ற சொல் சரிதானா என்பதில் எனக்கு இன்றுவரை தெளிவில்லை என்பதையும் சேர்த்து.

என் பெயர் எமிலியன் பாபினோ. வயது ஐம்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வாத்தியார். பாபினோ என்ற குடும்பப்பெயர் காரைக்காலில் எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் இல்லை. முதல் பாபினோ பனி கொட்டும் தேசத்திலிருந்து கப்பலில் வந்த வெள்ளைக்காரன் என்று என் அப்பா சொல்வார், அவருக்கு அவர் அப்பா சொன்னார், அதற்கு மேல் யாரிடமும் எதுவும் இல்லை. கண்ணாடியில் முகம் பார்க்கும்போதெல்லாம் நான் அந்த வெள்ளைக்காரனைத் தேடுவதும், ரொசாலி பின்னால் நின்றுகொண்டு, "உங்க தாத்தா வரும்போது வெயில்ல குடை எடுத்துட்டு வரலபோல" என்பதும் முப்பது வருஷ வழக்கம். பணி ஓய்வுக்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கையில், நான் யார் என்பதைத் தெரிந்துகொள்ளாமலே கல்லறைக்குப் போய்விடுவேனோ என்ற பயம் எப்படியோ எனக்குள் புகுந்துகொண்டது. அந்தப் பயத்தோடுதான் பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்குச் சனிக்கிழமைகளிலும் விடுப்பு எடுத்த நாட்களிலும் போக ஆரம்பித்தேன்.

கடல் வருவதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை, ஆயிரத்து எழுநூற்று எழுபதாம் ஆண்டின் திருமணப் பதிவு ஒன்று கிடைத்தது. பழைய கையெழுத்தைக் கண்ணால் மட்டும் படிக்க எனக்கு வராது, வாய்விட்டுப் படித்தால்தான் சொற்கள் பிரிந்து நிற்கும். ஆகவே வாய்விட்டே படித்தேன். "பசீல் பாபினோ, வயது இருபத்தேழு, அக்காடியாவில் பிறந்தவன், மரவேலைக்காரன், செம்பட்டைத் தலையன், இவ்வூர்ச் சின்னம்மாளை மணந்தான். பெயர் சொல்லி அழைத்தபோது மணமகன் கோயிலுக்குள் வர மறுத்தான். சிறுவயதில் இவனுடைய ஊரில் ஆண்களையெல்லாம் கோயிலுக்கு வரச்சொல்லி, பெயர் வாசித்து, கதவைச் சாத்தி, கப்பலில் ஏற்றினார்களாம். ஆகவே வாசலில் வைத்தே மந்திரித்து மணமுடித்து வைத்தேன். எழுதத் தெரியாததால் தன் அடையாளத்தை வரைந்தான்." கீழே ஒரு சிறு சதுரமும் அதற்குள் ஒரு சாய்ந்த கோடும் இருந்தன.

பிறகு புத்தகங்களில் தேடிப் படித்தேன். அக்காடியா என்பது வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிரெஞ்சுக் குடியானவர்கள் இருந்த நாடு. உலகத்திலேயே மிக உயரமாகக் கடல் ஏறி இறங்குகிற வளைகுடா அங்கே இருக்கிறது. அந்தச் சிவந்த கடலுக்கு மண் அணையும் மதகும் கட்டி, உப்புச் சதுப்பை வயலாக்கி, கோதுமை விளைத்துத் தின்றவர்களை, ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்தைந்தில் ஆங்கிலேயர்கள் ஊர் ஊராகப் பெயர் வாசித்துக் கப்பலேற்றித் திசைக்கொன்றாகக் கொட்டினார்கள். பசீலுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இங்கிலாந்தில் எட்டு வருஷம் கைதி, பிறகு பிரான்சில் யாருக்கும் வேண்டாத அகதி, பிறகு காரைக்கால்.

வியாழக்கிழமை அவன் பெயரை நான் உரக்க வாசித்தேன். வெள்ளிக்கிழமை அவன் கடல் வந்துவிட்டது.

எங்கள் தெரு இதை எடுத்துக்கொண்ட விதத்தைப் பற்றி எனக்குப் பெருமையும் உண்டு, சற்றுத் திகைப்பும் உண்டு. முதல் நாள் கூச்சல் போட்டார்கள். இரண்டாம் நாள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள், கடல் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிட ஐம்பது நிமிஷம் தாமதமாக வருகிறது என்பதை டீக்கடை மைதீன் பாய் கண்டுபிடித்து, வடை போண்டா விலை எழுதும் பலகையின் மேல்பாதியை அழித்து, கடல் வரும் நேரம், போகும் நேரம் என்று எழுதி வைத்தார். அதன்பிறகு காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் பலகையைக் கேட்டுக்கொண்டுதான் வண்டியை எடுத்தார், பள்ளிக்கூட வேன் அரைமணி முன்னால் வந்தது, ஒரு நிச்சயதார்த்தத்துக்கு ராகுகாலத்தோடு கடல்காலத்தையும் தள்ளி ஜோசியர் நேரம் குறித்துக்கொடுத்தார், கீழத்தெரு மீனவர்கள் இரண்டு ஃபைபர் படகுகளை மின்கம்பத்தில் கட்டிவைத்து மாடிக்கும் மாடிக்கும் ஆள் ஏற்றி இறக்கினார்கள், கடல் போனபின் தெருவில் துள்ளிக் கிடந்த வெள்ளி நிறத்து மீன்களைப் பெண்கள் கூடையில் அள்ளி வந்து, முதலில் புளி கரைத்துக் குழம்பு வைத்து, நாறுகிறது என்று கொட்டி, அப்புறம் மிளகும் பூண்டும் தட்டிப்போட்டு வறுத்துப் பார்த்து, பரவாயில்லை, முள்தான் அதிகம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மாதா கோயில் சாமியார் தெளித்தார். அம்மன் கோயில் குருக்களும் தெளித்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதி ஊதினார். தன் மேல் விழுந்த எல்லாத் தண்ணீரையும் கடல் மரியாதையாக வாங்கிக்கொண்டது. பொதுப்பணித் துறையிலிருந்து வந்த ஒரு பொறியாளர் அளவுகோலை நட்டுப் பார்த்து, பிரதான குழாயில் உடைப்பு இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, போகும்போது கால் கிலோ மீன் வாங்கிக்கொண்டு போனார். குளிருக்கு ரொசாலி எனக்கொரு கம்பளிச் சட்டை பின்ன ஆரம்பித்தாள். காரைக்காலில், புரட்டாசி பிறக்குமுன்.

கடல் உள்ளே போன ஒரே வீடு ராசப்பாவுடையது.

ராசப்பா தெருவின் கடைசி வீட்டுக்காரன், என்னோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் வயலை வைத்துக்கொண்டு மழையோடும் உப்போடும் வழக்காடிக்கொண்டிருப்பவன். அவன் வயல் வாய்க்கால் உப்பங்கழியில் சேருமிடத்தில் நாக்கு மதகு என்று ஒன்று உண்டு, அதனால்தான் எங்களுக்கு மதகுத் தெரு என்று பெயர். குடைந்த மரத்துக்குள் நாக்குப்போல ஒரு பலகை தொங்கும். வயல் தண்ணீர் வெளியே தள்ளினால் திறக்கும், கடல் உள்ளே தள்ளினால் தானே சாத்திக்கொள்ளும். இந்தக் கடலோ உப்பங்கழிப் பக்கம் வரவே இல்லை. தெரு வழியாக வந்து, ராசப்பா வீட்டு நிலைப்படியைத் தாண்டி, கூடத்தைச் சுற்றி, சமையலறைக்குள் நுழைந்து, பெட்டி பீரோவையெல்லாம் திறந்து பார்த்து, கொல்லைக்கதவு வழியாக வயலில் இறங்கி, சம்பாவுக்கு விட்டிருந்த நாற்றங்காலின் மேல் படுத்துக்கொண்டது. அவன் வீடு பள்ளத்தில் இருப்பதால்தான் என்றார் பொறியாளர். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

ராசப்பா வீட்டாரிடம் ஒரு பழக்கம் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர்கள் திரும்பமாட்டார்கள். வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், கிட்டே போய்த் தோளைத் தொட வேண்டும், தொட்டால் உடனே சிரித்துக்கொண்டு திரும்புவார்கள். அது அவர்கள் வம்சத்துப் பழக்கம், பழமையான வீடுகளில் இப்படி ஏதாவது இருக்கும் என்று நாங்கள் விட்டுவிட்டோம். ரேஷன் கடையில் பெயர் வாசிக்கும்போது வரிசை தவறிவிடும் என்று அவன் மனைவி செந்தாமரை கூடவே போவாள், அவள் வேறு வீட்டில் பிறந்தவள் என்பதால். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பாதி வருஷம் ஆப்சென்ட் விழுந்தது. பிறகு அவன் பெயர் வரும்போது குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" சொல்வது என் வேலையானது. எட்டு வருஷம் சொன்னேன்.

இரண்டாவது வாரம் நாற்று மஞ்சளடிக்கத் தொடங்கியது. மைதீன் பாய் கடையில் தெரு கூடியது, நான் வாசித்த பதிவைப் பற்றி அதற்குள் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். ராசப்பா ஒரு பிடி நாற்றைப் பிடுங்கிக்கொண்டுவந்து என் டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தான். வேர் கறுத்திருந்தது.

"யோவ் வாத்தியாரே, உன் தாத்தாவுக்குப் படுக்கறதுக்கு என் நாத்தங்கால்தான் கிடைச்சுதா? உன் வீட்டுக் கட்டில் என்ன ஆச்சு?"

"நான் என்னடா பண்ணட்டும்?"

"கூப்பிட்டது நீ. வந்தவங்களுக்கு வழி சொல்ல வேண்டியதும் நீதான்."

மைதீன் பாய் டீயை ஆற்றிக்கொண்டே பேசினார். "சார், நான் சொல்றேன் கேளுங்க. அது ஆளைத் தேடி வருது. அந்தக் காலத்துல பேரு வாசிச்சுக் கொண்டுபோன பையன் என்ன ஆனான்னு கேட்டு வருது. ஆள் எங்க படுத்திருக்காருன்னு காட்டிட்டா போயிடும். இல்லேன்னா மகாளய அமாவாசையன்னிக்கு உசரம் இன்னும் கூடும். ஒரு தடவை முழு உப்பு இறங்கிச்சுன்னா ராசப்பா நிலம் மூணு வருஷத்துக்குப் புல்லுகூட முளைக்காது."

"மூணு வருஷம்னா எனக்கு வயசு அறுபது பாய்," என்றான் ராசப்பா. இதைச் சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை. "வேற நிலம் கிடையாது. வேற தொழிலும் தெரியாது. அமாவாசைக்குள்ள உன் தாத்தாவோட குழியைக் கண்டுபிடி வாத்தியாரே. கால்ல விழணும்னாலும் விழறேன்."

அமாவாசைக்கு ஒன்பது நாள் இருந்தது. பள்ளிக்கு மருத்துவ விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுப் பதிவேட்டறையிலேயே உட்கார்ந்தேன். தேடத் தேடக் கிடைத்தது, கிடைக்கக் கிடைக்கக் குழம்பியது.

அடக்கப் பதிவுகளில் பசீல் பாபினோ இல்லை. எந்த வருஷத்திலும் இல்லை. ஆயிரத்து எழுநூற்று எழுபத்தெட்டில் ஆங்கிலேயர்கள் காரைக்காலைப் பிடித்தபோது, கோட்டையில் வேலை செய்த பிரெஞ்சுக்காரர்களையெல்லாம் பெயர் வாசித்துக் கப்பலேற்றிய பட்டியலின் நகலில் அவன் இருந்தான். "பசீல் பாபினோ. நிறம் கறுப்பு. பெயர் வாசித்ததும் முதலில் பதில் சொன்னவன். பயணத்தில் பதினோராம் நாள் காய்ச்சலில் இறந்தான், கடலில் விடப்பட்டான்." அதற்கடுத்து எட்டு வருஷம் கழித்து, ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தபின் ஒரு ஞானஸ்நானப் பதிவு: "கப்பலேற்றப்பட்ட பாபினோவின் மனைவி ஞானாயும் அவள் மூன்று பிள்ளைகளும் திருமுழுக்குப் பெற்றனர்." அந்த மூன்றில் கடைசிப் பிள்ளையிலிருந்துதான் எங்கள் வம்சம், அதற்குப் பிறகுள்ள ஒவ்வொரு பெயரும் என்னிடம் இருக்கிறது.

பதிவேடுகளை எடுத்துத்தரும் பிரமிளா என் மேசைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். "என்ன சார், தாத்தா ஒரு முடிவுக்கு வந்தாரா?"

"வரலம்மா. எழுபதுல செம்பட்டைத் தலையன், எழுபத்தெட்டுல கறுப்பு. எழுபதுல பொண்டாட்டி பேரு சின்னம்மாள், எண்பத்தாறுல ஞானாய். பேரு சொன்னா கோயிலுக்குள்ளகூட வரமாட்டேன்னவன், பேரு வாசிச்சதும் முதல் ஆளா பதில் சொல்லிக் கப்பலேறிட்டான்."

"எங்க ஊர்க்காரரு ஒருத்தர் இப்படித்தான் சார், மூணு ஆதார் கார்டு வச்சிருந்தாரு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் சிரித்துக்கொண்டே ஞானஸ்நானப் பதிவின் பக்கத்தைத் திருப்பினேன். பின்பக்கத்தில் சாட்சிகள் இருந்தார்கள். "நாகமுத்து, மதகுக் காவலன், கோயில் வாசலுக்கு வெளியே நின்று சாட்சி சொன்னான், உடன் அவன் மனைவி சின்னம்மாள்." அதன் கீழே நாகமுத்துவின் அடையாளம். ஒரு சிறு சதுரம், அதற்குள் ஒரு சாய்ந்த கோடு.

மின்விசிறி பக்கத்தைப் புரட்டப் பார்த்தது, விரலால் அழுத்திக்கொண்டே இருந்தேன். அந்தச் சதுரத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது ராசப்பா வீட்டு நிலையில் ஒவ்வொரு பொங்கலுக்கும் காவியால் எழுதப்படுகிறது. நாக்கு மதகின் சட்டத்தில் செதுக்கப்பட்டிருக்கிறது, உண்மையில் அது அந்த மதகின் படமேதான், பெட்டியும் உள்ளே சாய்ந்து தொங்கும் பலகையும். ராசப்பா வீட்டாருக்கு நாகமுத்து வகையறா என்றுதான் ஊரில் பெயர். ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் அவர்கள் தங்கள் முன்னோர் இலைகளோடு இன்னொரு இலையும் போடுவார்கள். யாருக்கு என்று கேட்டால், கப்பலேறினவருக்கு என்பார்கள். எந்தக் கப்பல், யார் என்று அவர்களுக்கே தெரியாது.

ஆகவே நடந்தது இதுவாக இருக்க வேண்டும். அன்று பெயர் வாசித்தபோது பசீல் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வயதில் கற்றதை முப்பத்தைந்து வயதில் அவனால் மறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற நாகமுத்து அவனுக்குப் பதிலாக, இருக்கிறேன் என்றான். ஆங்கிலேயர்களுக்கு எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும். நாகமுத்து பாபினோவாகக் கப்பலேறி, பாபினோவாகச் செத்து, பாபினோவாகக் கடலில் விழுந்தான். பசீல் நாகமுத்துவாக மதகடியில் உட்கார்ந்து, தன் ஊரில் கற்ற நாக்கை இந்த ஊர் வாய்க்காலில் பொருத்தி, மகன்களைப் பெற்று, கூப்பிட்டால் திரும்பாதீர்கள் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். நாகமுத்துவின் மனைவிதான் ஞானாய். கப்பலேறினவன் பெயர் அவள் பிள்ளைகளுக்கு வந்தது.

நான் பாபினோ இல்லை. ஐம்பத்தாறு வருஷம் கண்ணாடியில் நான் தேடிய ஆள் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருந்தான், அவனுக்குப் பதிலாக நான் பள்ளிக்கூடத்தில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அதைவிட மோசமான ஒரு குழப்பம் வீடு திரும்பும் வழியில் என்னைப் பிடித்தது. அந்தக் கடல் எதற்கு வருகிறது? மகனைத் தேடி வருகிற தாய்போலவா, அல்லது தப்பித்தவனைப் பிடிக்க வருகிற பட்டியல்காரன்போலவா? ராசப்பாவிடம் சொன்னால் அவனைத் தண்ணீரிடம் பிடித்துக்கொடுத்தவன் ஆவேனா? சொல்லாவிட்டால் அவன் நிலம் போகும். சொன்னால் என் பெயர் போகும். இந்த மூன்றில் எதற்காக நான் தயங்குகிறேன் என்று என்னையே கேட்டேன். முதல் காரணத்துக்காக என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாவதற்காகவும்தான் என்பது தெரிந்தே இருந்தது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. ரொசாலி கம்பளிச் சட்டையின் கையை என் கையில் வைத்து அளவு பார்த்துவிட்டு, "என்ன, தாத்தா கிடைச்சிட்டாரா? முகமே சரியில்லையே" என்றாள். "இன்னும் இல்ல" என்றேன். அந்தப் பொய் சட்டையைவிடக் கனமாக இருந்தது.

மகாளய அமாவாசையன்று பலகையில் பதினொன்று இருபது என்று எழுதியிருந்தது. பத்தே முக்காலுக்கு நான் ராசப்பா வீட்டுக்குப் போனேன். அன்று தண்ணீர் பலகை நேரத்துக்கும் எனக்கும் முன்னாலேயே வந்து அவர்கள் கூடத்தில் முழங்கால் அளவு நின்றது. செந்தாமரை பெஞ்சின்மேல் பலகை போட்டு, பலகையின்மேல் வரிசையாக இலைகளைப் போட்டு, வாழைக்காய்க் கறியும் பூசணிக்காய்க் கூட்டும் பாயசமும் வைத்துக்கொண்டிருந்தாள். ராசப்பா முதுகைக் காட்டிக்கொண்டு கொல்லைப்பக்கம் பார்த்து நின்றான். தோளைத் தொட்டேன்.

"ஆள் கிடைச்சாரா?"

"கிடைச்சார்."

"எங்க?"

"இங்கதான்டா. உன் மதகடியில."

எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் தொடைவரை வந்தது. அவன் நிலையில் எழுதியிருந்த காவிச் சதுரத்தையும் என் தாளில் இருந்த நகலையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"அப்ப நான் வெள்ளைக்காரனா? ஏய் செந்தாமரை, இனிமே எனக்கு ரொட்டிதான்."

"மூஞ்சியைப் பாரு, ரொட்டியாம்," என்றாள் அவள், ஆனால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு ராசப்பா கடைசி இலையைப் பார்த்தான். "எங்கப்பா இந்த இலைக்குப் போட்டுட்டுத்தான் தன் இலையில கை வைப்பாரு. அப்ப இது உங்க வீட்டு ஆளா?"

"ஆமா."

"எங்க ஆளுக்காகப் போனவரா?"

"காகிதத்துல அவ்வளவுதான் இருக்கு. பிரியத்துல சொன்னாரா, பயத்துல வாய் தவறிச் சொன்னாரா, யாராவது பிடிச்சுத் தள்ளினாங்களா, எதுவும் எழுதல."

"சரி, இப்ப என்ன செய்யணும்?"

"பேரை வாசிக்கணும்னு நினைக்கிறேன். யாராவது பதில் சொல்லணும்."

"சொன்னா தூக்கிட்டுப் போயிடுமா?"

"தெரியல."

"வாத்தியாருக்குச் சம்பளம் குடுத்து வச்சிருக்காங்க பாரு."

செந்தாமரை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தாளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வாசித்தேன். பசீல் பாபினோ. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, இலைகள் பலகையோடு மிதக்க ஆரம்பித்தன. ராசப்பாவின் உதடுகள் பள்ளிக்கூடத்தில் இறுகுவதைப்போலவே இறுகின. பசீல் பாபினோ. தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது, பற்கள் அடித்துக்கொண்டன, கொல்லைப்பக்கம் நாற்றங்கால் இருந்த இடம் சிவப்பாக ஒரே சமமாகத் தெரிந்தது. பசீல் பாபினோ என்று மூன்றாவது முறை சொன்னபோது அவன் கண்களில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் நின்றான், எனக்கு அது தாங்கவில்லை, என் வாய் தானாகத் திறந்தது, எட்டு வருஷம் பழகிய வாய், உள்ளேன் என்று சொல்லப் போனேன்.

அவன் கை என் தோளைத் தொட்டது.

"இரு," என்றான் என்னிடம். பிறகு தண்ணீரைப் பார்த்து, இன்னொருவருடைய வீட்டில் நின்று பேசுபவன்போலக் கூச்சத்தோடு, "இருக்கேன்," என்றான். அது அவனுக்கே போதவில்லை போலும், குரலை உயர்த்தினான். "இருக்கேன், இங்கதான் இருக்கேன். கட்டிக்கிட்டவ இருக்கா. நாத்து விட்டிருக்கேன். அணை நிக்குது, மதகு வேலை செய்யுது. நான் எங்கயும் வரல. நீ போயிட்டு வா."

ஒரு மூச்சு நேரம் தண்ணீர் அசையவில்லை. தூரத்து ஊருக்குப் போன மகன் சாப்பிட்டானா தூங்கினானா என்று கேட்டுவிட்டு, அவ்வளவுதான் கேட்க வந்தேன் என்று எழுந்துகொள்பவர்கள் இருப்பார்களே, அப்படித்தான் அது இறங்கியது. இந்த முறை தெருப்பக்கம் திரும்பவில்லை. கொல்லைக்கதவைத் தாண்டி, நாற்றங்காலைத் தடவிக்கொண்டே போய், வாய்க்காலில் இறங்கி, மதகின் நாக்கை உள்ளேயிருந்து தள்ளியது. நாக்கு திறந்தது. கடைசிச் சொட்டு வெளியேறியதும் சாத்திக்கொண்டது. அந்த மரச் சத்தம் தெருமுனைவரை கேட்டதாக மைதீன் பாய் பின்னால் சொன்னார்.

அதன்பிறகு அது வரவில்லை. மைதீன் பாய் ஒரு மாதம் பலகையை அழிக்காமல் வைத்திருந்தார், போண்டா விலை தெரியாமல் ஆட்கள் சண்டை போட்டதால் அழித்தார். படகுகளைக் கீழத்தெருக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். ராசப்பாவின் நாற்றில் பாதி பிழைத்தது, மீதிக்கு மறுபடி விதைத்தான், ஐப்பசி மழை உப்பைக் கழுவிக்கொடுத்தது. இப்போதெல்லாம் ரேஷன் கடையில் அவன் பெயரை வாசித்தால் முதல் கூப்பாட்டிலேயே "இருக்கேன்" என்று கத்துகிறான், பாதிப் பேர் பயந்து திரும்புகிறார்கள். பதிவேட்டில் எதையும் திருத்தச் சொல்ல நான் போகவில்லை. எதைத் திருத்துவது, யாரை அடித்து யாரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ரொசாலியிடம் எல்லாவற்றையும் சொன்னபோது அவள் என் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கண்ணாடி அப்பவே சொல்லிச்சு" என்றாள்.

ஆனால் அந்த அமாவாசை மத்தியானத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். தண்ணீர் போனபின் செந்தாமரை ஈரத் தரையைத் துடைத்துப் புது இலைகள் போட்டு, மேல்தட்டில் ஒதுக்கி வைத்திருந்த சோற்றை இறக்கினாள். நான் கொல்லையில், மதகுச் சட்டத்தின் சதுரத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளேயிருந்து யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பாபினோ அண்ணே, வாங்க, இலை போட்டாச்சு." மறுபடியும் கேட்டது. மூன்றாவது முறையும் கேட்டது. யார் அந்த அண்ணன், ஏன் போகாமல் இருக்கிறார், சோறு ஆறுகிறதே என்று நினைத்துக்கொண்டு நான் வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராசப்பா பின்னால் வந்து என் தோளைத் தொட்டான்.

"உன்னைத்தான்யா."

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், கடைசி இலைக்கு முன்னால் நிறுத்தினான். அது செத்தவருக்குப் போட்ட இலை, உயிரோடு இருப்பவன் எப்படி உட்காருவது என்று தடுமாறினேன்.

"இருநூத்தம்பது வருஷமா ஆறிக்கிட்டிருக்கு," என்றான். "உக்காரு."